பாட்டுக்கு முன்னால் சொல்லும் கதை

அமெரிக்காவிலிருந்து வரும் பாட்டுக்காரர்கள் எங்கள் அரங்குக்குள் வந்ததும் முதலில் கேட்பது சாப்பாடு அல்ல, படுக்க ஓர் இடம். சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய சோபா இருக்கிறது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதில் நீட்டி விடுவார்கள். முந்தின நாள் ஜெர்மனியில் எங்கோ பாடியிருப்பார்கள். அடுத்த நாள் இத்தாலியில் பாட வேண்டும். காரோட்டுவதும் அவர்கள்தான், பாட்டுத் தட்டு விற்பதும் அவர்கள்தான். நான் வெங்காயம் வெட்டும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வேன். படுத்துக் கிடக்கும் மனிதரை எழுப்பக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

அரங்கு சுவிஸின் ஓல்டன் நகரத்தில், ஆற்றுக்கு அருகே ஒரு பழைய தெருவில், நிலத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு காலத்தில் வைன் பீப்பாய்கள் அடுக்கி வைத்த அறை. கல்லால் வளைத்துக் கட்டிய கூரை. எண்பது கதிரை போட்டால் நிறைந்துவிடும். நான் அங்கே சமைக்கிறேன், கழுவுகிறேன், கடைசியில் கூட்டித் துடைக்கிறேன். அரங்கை நடத்துபவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு சுவிஸ் பெண்மணி. பனி கொட்டும் மாரி காலத்து நிகழ்ச்சிகளுக்குச் சுவரொட்டியில் 'அமெரிக்கானா' என்று போடுவார். அது என்ன என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"ஓர் ஆள், ஒரு கிற்றார், நிறையக் கவலை" என்றார்.

அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. இவர்கள் ஏறியவுடன் பாடமாட்டார்கள். நரம்பை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டே, இந்தப் பாட்டு எப்படி வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அப்பா குடித்து வீட்டை இழந்தது, தம்பி சிறைக்குப் போனது, மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறியது, வங்கி வந்து உழவு இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போனது. எல்லாம் சொந்தக் கதை. நுழைவுச்சீட்டு வாங்கி வந்த முன்பின் தெரியாத எண்பது பேருக்கு முன்னால் அதைச் சொல்வார்கள். சபை சிரிக்கும். பிறகு பாட்டு வரும், சபை அடங்கிவிடும்.

எனக்கு அது முதலில் கூச்சமாக இருந்தது. சபை கலைந்த பிறகு அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவே கூசும். இப்படியெல்லாம் நாங்கள் வெளியில் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் அந்த வேலைக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஈழத்தில் எங்கள் ஆட்களுக்கு எப்படிப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். அதை எழுத நான் வரவில்லை. அப்போது நான் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. காலையில் ரயிலில் போய் இரவு ரயிலில் வருவேன். அந்த மாரியில் ஒரு காலை, சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தேன். கட்டி முடிக்க ஏலாது என்று தோன்றியது. திரும்பிப் போய்ச் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்தேன். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. மறுநாளும் எழும்பவில்லை. வேலை போனது. குடும்ப வைத்தியர் வந்து பார்த்துவிட்டு என்னை ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார். மனம் சம்பந்தப்பட்ட கிளினிக். பனி உருகும்வரை அங்கே இருந்தேன்.

என் மனைவி அலுவலகங்கள் துப்பரவு செய்கிறவள், என்னைவிட நிதானமானவள். தொலைபேசியில் யாரோ விசாரித்தபோது, என்னைப் பார்த்துக்கொண்டே, "அவருக்கு நாரி. எலும்பு விலகியிட்டுதாம். ஒப்பரேசன்" என்று சொல்லிவிட்டாள். அந்த நாரிக் கதை, இடுப்பு வலிக் கதை, அப்படியே நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் கூடும் எந்த இடத்திலும் என்னை ஒன்றும் தூக்க விடமாட்டார்கள். கோயில் திருவிழாவில் அரிசி மூட்டைக்குக் கையைக் கொண்டுபோனால், "அண்ணை விடுங்கோ, உங்கட நாரி" என்று யாராவது ஓடி வருவார்கள். கலியாண வீடுகளில் எனக்கு மட்டும் மெத்தை போட்ட கதிரை வரும். நானும் எழும்பும்போது இடுப்பில் கையை வைத்து எழும்பப் பழகிவிட்டேன். சில நாட்களில் உண்மையாகவே நொந்தது.

கிளினிக்கில் இருந்த சமூக சேவைப் பெண்தான் அரங்கில் அரை நாள் வேலை பிடித்துத் தந்தார். மாலையில் மனைவிக்கு வேலை, பெரியவளுக்குப் படிப்பு. அதனால் சின்ன மகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே என்னிடம் வந்துவிடுவாள். சமையலறை மேசையில் வீட்டுப்பாடம் செய்வாள். எனக்கு ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சமையலறையில் பழகிய ஜெர்மன்தான் எனக்கு இருந்தது, ஆங்கிலம் இல்லை. அவள் எங்கிருந்தோ ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டாள். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து இருவரும் நிற்போம்.

"என்ன சொல்லுறார்?"

"அவற்ற தம்பி ஜெயிலுக்குப் போனவராம்."

"அதுக்கேன் சிரிக்கினம்?"

"ஜெயில் சாப்பாடு அம்மான்ர சாப்பாட்டை விட நல்லமாம்."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப பாட்டில தம்பி செத்திட்டார்" என்றாள்.

"இப்பதானே எல்லாரும் சிரிச்சவை."

"அது அப்பிடித்தான் அப்பா. இவையின்ர முறை அது."

இப்படி ஒவ்வொரு மாரியும் கேட்டோம். தாடி வைத்த ஒரு முதியவர் பல தடவை வந்தார். ஆற்று வெள்ளத்தில் கோவேறு கழுதையை இழந்த ஒரு மனிதனைப் பற்றி அவரிடம் ஒரு பாட்டு இருந்தது. முதல் வருடம் அது தன் அப்பா என்று சொன்னார். அடுத்த முறை அதையே மாமா என்றார். மகள் விடவில்லை. சாப்பாட்டு மேசையில் கேட்டுவிட்டாள். நிகழ்ச்சிக்கு முன் பாடுகிறவரும், ஒலி பார்க்கிறவரும், நானும், மகளும் ஒரே மேசையில் சாப்பிடுவது அங்கே வழக்கம்.

அவர் பருப்பைச் சோற்றில் ஊற்றியபடி சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள். "அப்பாதான். ஆனா அம்மா இன்னும் உயிரோட இருக்கிறாவாம். ஆரோ பதிவு செய்து போட்டதை அவ கேட்டிட்டாவாம். மாமா செத்திட்டார், அவருக்குப் பிள்ளையளும் இல்லை, கோவிக்க ஆளில்லையாம்."

இன்னொருவர் இருந்தார். மனைவியின் நோயைப் பற்றிய ஒரு பாட்டினால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். ஒரு முறை வந்தபோது அந்தப் பாட்டுக்குக் கதை சொல்லவில்லை. மனைவி இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கதை இல்லாமல் பாடினார். கைதட்டல் குறைவாக இருந்தது. இறங்கி வந்து சோபாவில் அமர்ந்து தண்ணீர் குடித்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

மகளுக்குப் பிடித்தது தாடிக்காரரும் அல்ல, இவரும் அல்ல. கோழித் தொழிற்சாலையில் வேலை செய்த தாயைப் பற்றிப் பாடிய ஒரு பெண். அந்தப் பெண் ஒன்றையும் மாற்றவில்லை, மறைக்கவில்லை. தாயின் கைவிரல் குளிரில் மடங்காமல் போனதைத் தன் விரலை மடக்காமல் காட்டினார். அன்று மகள் எனக்கு மொழிபெயர்க்க மறந்து நின்றாள்.

பிறகு அவள் வளர்ந்தாள். கிற்றார் வாங்கினாள். சிறுவர் பள்ளி ஆசிரியைக்குப் படித்தாள். ஆங்கிலத்தில் பாட்டு எழுதத் தொடங்கினாள். அரங்கை நடத்தும் அம்மா இரண்டு மூன்று பாட்டுகளைக் கேட்டுவிட்டு ஒரு கார்த்திகை மாதச் சனிக்கிழமை முழுவதையும் அவளுக்குத் தந்துவிட்டார்.

அதே நேரத்தில்தான் பெரியவளுக்குச் சம்பந்தம் ஒன்று பொருந்தி வந்தது. பெரியவள் முதியோர் இல்லத்தில் தாதி. மாப்பிள்ளை வில் நகரத்தில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பேரும் ஏற்கெனவே கதைத்துப் பிடித்திருந்தார்கள். ஆனாலும் முறைப்படி நடக்க வேண்டும் என்று வில்லில் இருக்கும் ஓர் அண்ணை நடுவில் நின்றார். முன்பு பலசரக்குக் கடை வைத்திருந்தவர். இப்போது இதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்து போன பிறகு அவர் தொலைபேசியில் அழைத்தார். மனைவி ஒலியைப் பெரிதாக்கி வைத்தாள்.

"குறையா நினைக்காதேங்கோ தங்கச்சி. தாய் மனுசி கேக்கச் சொன்னவ. குடும்பத்தில நோய் வருத்தம் ஏதும்... வலிப்பு, விசர், பைத்தியம் எண்டு..."

"எங்கட பக்கம் ஒண்டுமில்லை அண்ணை. இவருக்கு நாரிதான். அது உங்களுக்குத் தெரியும்தானே."

"நாரி என்ன வருத்தம், நாரி எல்லாருக்கும் இருக்கு. அவையின்ர பக்கமும் ஒண்டுமில்லை. தேப்பனுக்குக் கொஞ்சம் சீனி. அதாலை வேலைக்குப் போறேல்லை."

தொலைபேசியை வைத்த பிறகு மனைவி சொன்னாள். "சீனி வருத்தக்காரர் தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போட்டவர். நான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

அந்தக் கிழமைதான் சின்னவள் சாப்பிட இருந்தபோது சொன்னாள். "நான் ஒரு பாட்டு எழுதியிருக்கிறன். அப்பாவப் பற்றி. அந்த விண்டர்."

அந்த மாரி என்றால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு மாரிதான். யாரும் சாப்பிடவில்லை.

"அதை அண்டைக்குப் பாடப்போறியோ?" பெரியவள் கேட்டாள்.

"அதுதான் நல்ல பாட்டு."

"பாட்டுக் கேக்க வருங்கால மாமி வாறா. அவையின்ர முழுக் குடும்பமும் வருது. என்ர கலியாணம் முடிஞ்சாப் பிறகு நீ என்னத்தையும் பாடு."

"பாட்டு இங்கிலீஷ்தானே. மாமிக்கு விளங்காது."

"கதை சொல்லுவாய்தானே. ஜெர்மன்ல சொல்லுவாய். அது விளங்கும்."

சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். "கதையை விட்டிட்டுப் பாட ஏலாதோ பிள்ளை?" என்று கேட்டேன். மனைவி வேண்டாம் என்று சொன்னதால் கதையில்லாமல் பாடிய அந்த மனிதரை அவளுக்கு நினைவூட்டினேன்.

"அவற்ற பாட்டு எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு அப்பா. என்ரைய ஆருக்குத் தெரியும்? கதை இல்லாட்டி அது ஆரோ ஒரு ஆள் நித்திரை கொள்ளுற பாட்டு."

"அப்ப மாமா எண்டு சொல்லன். தாடிக்காரர் மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. "அப்பா, உங்களுக்கு வெக்கமோ?"

வெட்கம் என்று சொல்ல முடியாது. நான் இப்போதும் சில காலைகளில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுமுன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். அது முடிந்துபோன கதை என்றால் சொல்லலாம். முடிந்ததா என்று எனக்கே தெரியாத ஒன்றை வைத்துப் பெரியவளின் வாழ்வைக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம் சின்னவள் கேட்டுக் கேட்டு வளர்ந்தது முழுவதும் கதைகள். சொல்லாதே என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வது?

இரண்டு மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

எங்கள் ஆட்களை ஒரு காரியத்துக்கு அழைப்பது ஒரு தனிக்கலை. எட்டு மணிக்குத் தொடங்க வேண்டுமானால் அட்டையில் ஆறு என்று போட வேண்டும். அழைக்கிறவருக்கும் தெரியும், வருகிறவருக்கும் தெரியும். ஆறு என்று படித்தவர் ஆறு மணிக்குத்தான் குளிக்கப் போவார். இது ஏமாற்று அல்ல, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட கணக்கு. சுவிஸ் அரங்கில் வேறு கணக்கு. எட்டு என்றால் எட்டு. பாட்டுத் தொடங்கினால் கதவைச் சாத்திவிடுவோம். பிந்தி வருகிறவர் இடைவேளை வரை மேலே படியில் நிற்க வேண்டியதுதான்.

சின்னவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டேன். "அந்தப் பாட்டை இடைவேளைக்கு முன்னம் பாடு. கதையையும் சொல்லு."

"அப்ப மாமியாக்கள்?"

"எத்தினை மணிக்கு வருவினம் எண்டு நினைக்கிறாய்?"

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு என் தோளில் நெற்றியை வைத்துச் சிரித்தாள்.

வில் அண்ணை தொலைபேசியில் அழைத்தபோது நான் என்னால் முடிந்தளவு நேர்மையாக இருந்தேன்.

"எத்தினை மணிக்குத் தம்பி?"

"எட்டு மணிக்கு அண்ணை."

"எட்டு எண்டா..."

"எட்டுத்தான்."

"ஓம் ஓம், விளங்குது" என்றார். அவருக்கு என்ன விளங்கியது என்று எனக்கும் விளங்கியது.

அன்று எட்டு மணிக்கு எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. வில்லிலிருந்து வாகனத்தில் வந்தவர்கள் முதலில் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மனைவி தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன். சமையலறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தனியாக நின்றேன். மொழிபெயர்க்க ஆள் இல்லை, தேவையும் இல்லை. அவள் இந்த ஊர் ஜெர்மனில் பேசினாள். அது எனக்கு விளங்கும்.

நாலாவது பாட்டுக்கு முன் சுருதி சேர்த்துக்கொண்டே தொடங்கினாள். எங்கள் வீட்டில் ஒரு மாரி முழுக்க அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் என்றாள். ஊருக்கெல்லாம் முதுகு என்று சொன்னோம், அப்பா இன்று வரை மற்றவர்களுக்கு முன்னால் ஒரு கதிரையைக்கூடத் தூக்குவதில்லை என்றாள். சபை சிரித்தது. எனக்குக் காது சூடாகியது. பிறகு ஒன்று சொன்னாள். அது எனக்குத் தெரியாது.

மூன்றாம் வகுப்பில் இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் மரக்குழல் சொல்லிக் கொடுப்பார்கள். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கள் அறைக் கதவுக்கு வெளியே நிலத்தில் அமர்ந்து அதை ஊதுவாளாம். ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியுமாம். சரியாக ஊதினால் அப்பா எழும்புவார் என்று நினைத்தாளாம். பிழை விட்டால் முதலிலிருந்து தொடங்குவாளாம்.

அந்தச் சத்தம் எனக்கு நினைவிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைத்தேன். ஏன் இந்தப் பிள்ளை திரும்பத் திரும்ப அதே இடத்தில் பிழை விடுகிறது, யாரும் இதை நிறுத்தச் சொல்ல மாட்டார்களா என்று சுவரைப் பார்த்தபடி கிடந்திருக்கிறேன்.

அவள் பாடினாள். பாட்டின் சொற்கள் எனக்கு விளங்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைதட்டல் நீண்ட நேரம் இருந்தது.

இடைவேளைக்குக் கதவைத் திறந்தபோது படிக்கட்டு முழுவதும் எங்கள் ஆட்கள். பட்டுச் சேலைகளுக்கு மேல் தடித்த குளிர் மேலங்கிகள். தட்டுத் தட்டாகப் பற்றீஸும் ரோல்ஸும் மனைவியின் வடையும். வில் அண்ணையின் கையில் ஒரு பொன்னாடை.

"தொடங்கியிட்டுதோ? எட்டு எண்டுதானே சொன்னனீர்?" என்றார் அண்ணை. அப்போது ஒன்பது தாண்டியிருந்தது.

மனைவி என் பக்கத்தில் வந்து, வேறு பக்கம் பார்த்தபடி, "மூண்டாந் தேத்தண்ணியும் குடுத்தனான்" என்றாள்.

"பாடி முடிஞ்சுது" என்றேன். பெரியவள் அதைக் கேட்டு மூச்சு விட்டாள்.

சுவிஸ்காரர்கள் பற்றீஸைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். அரங்கை நடத்தும் அம்மா இவ்வளவு கூட்டம் கண்டதில்லை. கதிரைகளுக்கு நடுவில் அங்கும் இங்கும் ஓடினார். பிரதம விருந்தினர் யார் என்று அண்ணை என்னைக் கேட்டார். அப்படி ஒருவரும் இல்லை என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு இரண்டு பாட்டு முடிந்ததும் அண்ணை எழுந்து நேரே மேடைக்கு ஏறினார். மகளின் தோளில், கிற்றாருக்கும் சேர்த்துப் பொன்னாடையைப் போர்த்தினார். சுவிஸ்காரர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"பிள்ளை, நாங்கள் கொஞ்சம் பிந்தியிட்டம். முதல்ல பாடினதில ஒண்டை எங்களுக்காண்டி ஒருக்காப் பாடும்" என்றார். தமிழ் தெரியாதவர்களுக்காக அதையே ஜெர்மனிலும் சொன்னார்.

மகள் வாய் திறக்குமுன், முன் வரிசையிலிருந்து அரங்கை நடத்தும் அம்மா உற்சாகமாகச் சொன்னார். "அப்பாவைப் பற்றிய பாட்டு. அதுதான் எல்லாவற்றிலும் அழகானது. கதையோடு."

அவர் மீது பிழையில்லை. அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கிளினிக்கிலிருந்து வேலைக்கு எடுத்தவர் அவர். அது ஒளிக்க வேண்டிய காரியம் என்று அவருக்குத் தோன்றியிராது.

எங்கள் ஆட்கள் எல்லோரும் திரும்பிச் சமையலறைக் கதவைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாய், "அப்பாவப் பற்றிப் பாட்டோ? அதைப் பாடு பிள்ளை. ஆரப்பா இந்தக் காலத்தில தேப்பனைப் பற்றிப் பாடுது" என்றார். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சின்னவள் என்னைப் பார்த்தாள். பொன்னாடை ஒரு பக்கம் சரிந்து கிற்றாரின் நரம்பில் கிடந்தது. மாமா என்று சொல்லிவிடலாம். வேறு ஏதாவது கட்டிச் சொல்லலாம். அவளால் முடியும், எத்தனை பேரைக் கேட்டு வளர்ந்தவள். ஆனால் அவள் கண்ணால் என் அனுமதியைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பெரியவளைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, களைத்துப்போனவள் போலத் தோளை உயர்த்தி இறக்கினாள். இனி என்ன செய்கிறது என்பதுபோல இருந்தது.

எனக்கும் களைப்பாக இருந்தது. அத்தனை வருடமாக இடுப்பில் கையை வைத்து எழும்பிய களைப்பு. பாடு என்று நான் தலையை ஆட்டினேன்.

இந்த முறை அவள் தமிழில் சொன்னாள். அவளுடைய தமிழ் மேடைத் தமிழ் அல்ல, வீட்டுத் தமிழ். ஜெர்மனில் இருந்த பகிடி ஒன்றும் அதில் வரவில்லை. "அப்பாக்கு நாரி இல்லை" என்று தொடங்கினாள். "அப்பாக்கு மனம் களைச்சுப்போச்சு. ஒரு விண்டர் முழுக்கக் கட்டில்ல கிடந்தவர். பிறகு ஆஸ்பத்திரியில இருந்தவர். நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை." மரக்குழலைப் பற்றியும் சொன்னாள். பிறகு பாடினாள்.

முடிந்ததும் சுவிஸ்காரர்கள் தட்டினார்கள். எங்கள் ஆட்களுக்குத் தட்டுவதா, சும்மா இருப்பதா என்று தெரியவில்லை. யாரோ இருமினார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் தன் மடியில் இருந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். நிகழ்ச்சி முடிந்து கதிரைகள் அசையும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் தாய் வெறும் தட்டோடு சமையலறைக்குள் வந்தார். தட்டை வைத்தார், போகவில்லை.

"ஒரு மாரியோ அண்ணை?"

"ஓம். பனி உருகிற வரைக்கும்."

"இவர் ரெண்டு வருஷம்" என்றார். நாடியை உயர்த்தி வெளியே இருந்த கணவரைக் காட்டினார். "இப்பவும் முழுசா எண்டில்லை. நாங்கள் சீனி எண்டு சொன்னனாங்கள்."

"தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி போட்டவர் எண்டு என்ர மனுசி சொன்னவ" என்றேன்.

"அதுதான் எனக்குப் பெரிய தலையிடி. போற வீடெல்லாம் போடாதேங்கோ எண்டு சொன்னாலும் கேக்கிறேல்லை." அவர் ஒரு துவாயை எடுத்துத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். "உங்களுக்கு அந்த வேலையை ஆர் எடுத்துத் தந்தது? அரை நாள் வேலையை."

சொன்னேன். கிளினிக்கில் யாரிடம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டே கேட்டார். கலியாணத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. போகும்போது, "தை பிறக்கட்டும், நல்ல நாள் பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே சின்னவள் சோபாவில் சப்பாத்தோடு படுத்திருந்தாள். பொன்னாடையைப் போர்வையாக இழுத்துவிட்டிருந்தாள். பெரியவள் அவளுடைய காலடியில் அமர்ந்து மிச்சப் பற்றீஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சின்னவளின் கால்கள் அவளுடைய மடியில் இருந்தன.

வெற்றுப் போத்தல் பெட்டிகளை மேலே தெருவுக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அது என் கடைசி வேலை. எங்கள் ஆட்கள் இருந்ததால் தள்ளிப் போட்டிருந்தேன். அவர்கள் போவதாக இல்லை, படியில் நின்று விடைபெற்றுக்கொண்டே இருந்தார்கள். நான் குனிந்து ஒரு பெட்டியைப் பிடித்தேன்.

"தம்பி விடும், உம்மட நாரி" என்று வில் அண்ணை இரண்டு படி இறங்கி ஓடி வந்தார். பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தும்விட்டார். பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. கையை எடுப்பதா, வைத்திருப்பதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"பரவாயில்லை அண்ணை" என்றேன்.

அவர் கையை எடுத்து ஓரமாக நின்று வழி விட்டார். மற்றவர்களும் சுவரோடு ஒதுங்கினார்கள். பெட்டி பாரமாகத்தான் இருந்தது. படிகள் பழைய கல், தேய்ந்தவை. நான் மெதுவாக ஏறினேன். மேலே தெருவில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கக் கீழே வந்தேன்.